பழைய லேண்ட் ரோவருக்கு வேறு எஞ்சின்: அளப்பதில் தொடங்கி மண்ணில் இறக்குவது வரை

1979-இல் லேண்ட் ரோவர் நிறுவனமே தன் 109 அங்குல (முன், பின் ஆக்சில்களுக்கு இடையிலான தூரம்) சீரீஸ் III வண்டியில் 3.5 லிட்டர் வி8 எஞ்சினை வைத்து விற்றது. ஸ்டேஜ் 1 என்று அதற்குப் பெயர். அந்த எஞ்சினை அப்படியே இறக்கி வைத்துவிடவில்லை. சக்தியை 91 குதிரைத்திறனாகக் குறைத்தார்கள். கியர்பாக்ஸை மாற்றினார்கள். ஆக்சில் விகிதத்தை (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, ஆக்சிலுக்கு வரும் ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு) 4.7-இலிருந்து 3.54 ஆக்கினார்கள். ரேடியேட்டருக்கு இடம் வேண்டும் என்பதற்காக வண்டியின் முகத்தையே முன்னால் நகர்த்தினார்கள். வண்டியை வடிவமைத்தவர்களுக்கே எஞ்சின் மாற்றம் இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது.

வேலையைத் தொடங்கும் எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். எஞ்சினை மட்டும் யாராலும் மாற்ற முடியாது. சங்கிலியில் ஒரு வளையத்தைக் கெட்டியாக்கினால், அறுந்துபோகிற இடம் அடுத்த வளையத்துக்குப் போகும். கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில், ரேடியேட்டர், பிரேக் என்று அந்த வளையங்களை வரிசையாகப் பின்தொடர்வதுதான் இந்த வேலை. கீழே சொல்வதற்கு எடுத்துக்காட்டாக சீரீஸ் III வண்டியில் (1971 முதல் 1985 வரை வந்தது) 200டிடிஐ டீசல் எஞ்சின் வைப்பதை எடுத்துக்கொள்கிறேன். பலரும் செய்து பார்த்த மாற்றம் இது. வண்டி வில்லிஸ் ஜீப்பாக இருந்தாலும், எஃப்ஜே40 லேண்ட் குரூசராக இருந்தாலும் வரிசை இதேதான்.

காகிதமும் நோக்கமும்

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால், வண்டியைப் பதிவு செய்யும் அலுவலகத்தில் விசாரியுங்கள். எஞ்சின் எண்ணை, எரிபொருள் வகையை, எஞ்சின் கொள்ளளவை மாற்ற அனுமதி உண்டா, யார் சோதிப்பார்கள், புகை அளவு எந்த ஆண்டு விதிப்படி பார்ப்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். காப்பீட்டையும் அப்போதே கேட்டுவிடுங்கள். வேலையெல்லாம் முடிந்த பிறகு இதைக் கேட்டு, ஓட்ட முடியாத வண்டியை வைத்துக்கொண்டு நிற்பவர்கள் உண்டு.

அப்புறம் நோக்கம். மலைப்பாதையில் மெதுவாக ஏற வேண்டுமா, நெடுஞ்சாலையில் 90-இல் ஓட வேண்டுமா, சுமை இழுக்க வேண்டுமா? ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நடுவில் ஆசை வந்து பெரிய எஞ்சின் ஒன்று கண்ணில் படும்போது அந்தத் தாள் உங்களைக் காப்பாற்றும்.

எந்த எஞ்சின்?

கரடுமுரடான பாதைக்கு முக்கியம் குதிரைத்திறன் அல்ல. குறைந்த சுற்றில் கிடைக்கும் முறுக்கு விசைதான் முக்கியம். சீரீஸ் வண்டியின் 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் சுமார் 165 நியூட்டன் மீட்டர் தரும். லேண்ட் ரோவரின் டிஸ்கவரி வண்டியில் வந்த 200டிடிஐ 265 தரும், அதுவும் நிமிடத்துக்கு 1800 சுற்றிலேயே. 2.5 லிட்டர், நேரடி ஊசித்தெளிப்பு, டர்போ, இன்டர்கூலர் எல்லாம் உண்டு. ஆனால் கம்ப்யூட்டர் இல்லை. டீசல் பம்பை நிறுத்தும் சொலினாய்டுக்கு ஓர் ஒயர், க்ளோ பிளக் (குளிர்ந்த டீசல் எஞ்சின் கிளம்ப உள்ளே சூடாக்கும் பிளக்), ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர்: இவ்வளவு போனால் எஞ்சின் ஓடும். பழைய வண்டிக்கு இந்த எளிமை பெரிய வரம் என்பது என் எண்ணம்.

இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. 200டிடிஐ பழைய லேண்ட் ரோவர் எஞ்சின் குடும்பத்திலிருந்து வந்தது என்பதால், சில ஸ்டட்களை மாற்றினால் அடாப்டர் தட்டு (பொருந்தாத எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் தட்டு) இல்லாமலேயே சீரீஸ் கியர்பாக்ஸோடு சேர்ந்துவிடும். கியர்பாக்ஸ் தன் இடத்திலேயே இருந்தால் புரொப்பெல்லர் ஷாஃப்ட், லீவர்கள், தரைத் தகடுகள் எல்லாம் அப்படியே இருக்கும். பாதி வேலை மிச்சம். ஒரு எச்சரிக்கை: டிஸ்கவரி எஞ்சினில் டர்போ தாழ்வாகத் தொங்கும், சேஸிஸ் சட்டத்தில் இடிக்கும். டிஃபண்டரில் வந்த அதே எஞ்சினில் டர்போ மேலே இருக்கும். டிஸ்கவரி எஞ்சின்தான் கிடைத்தது என்றால் மேனிஃபோல்டை மாற்ற வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

வேறு வழிகளும் உண்டு. 1965-இல் ஜீப் நிறுவனமே சிஜே-5 வண்டிக்கு பியூக்கின் 225 கன அங்குல வி6 எஞ்சினைக் கொடுத்தது. அதனால் பழைய சிஜே வண்டிகளில் அந்த எஞ்சின் நன்றாகவே பொருந்தும். எஃப்ஜே40-இல் ஷெவர்லே 350 வி8 வைப்பவர்கள் ஏராளம். இன்றைய எலெக்ட்ரானிக் பெட்ரோல் எஞ்சின் வேண்டும் என்றால் எஞ்சினோடு கம்ப்யூட்டர், முழு ஒயரிங், ஆக்சிலரேட்டர் பெடல், சாவி, சாவியைப் படிக்கும் பெட்டி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வர வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் எஞ்சின் கிளம்பாது.

எஞ்சினைத் தனியாக வாங்காமல், ஓடும் நிலையில் உள்ள முழு வண்டியாக வாங்கப் பாருங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து பாருங்கள். சூடானதும் ஆயில் மூடியைத் திறந்து புகை எவ்வளவு அழுத்தமாக வருகிறது என்று கவனியுங்கள். எல்லா சிலிண்டர்களுக்கும் கம்ப்ரஷன் எடுங்கள். அந்த எண் பெரியதா என்பதைவிட நான்கும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே கேள்வி. ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்தால் ஹெட்டைக் கழற்றாமல் நம்ப வேண்டாம். முழு வண்டியாக வாங்கினால் பிராக்கெட், ஹோஸ், இன்டர்கூலர், வேக்யூம் பம்ப், ஃபில்டர் பெட்டி என்று நூறு சிறு பொருள்களும் கையில் இருக்கும். அவற்றைத் தனித்தனியாகத் தேடி அலைவதில்தான் பல மாதங்கள் போகும்.

பிரிப்பதற்கு முன் அளந்துவிடுங்கள்

பழைய எஞ்சின் உள்ளே இருக்கும்போதே, வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதே இதைச் செய்யுங்கள். சமதளத்தில் நிறுத்துங்கள். சேஸிஸின் குறிப்பிட்ட புள்ளிகளிலிருந்து தூக்குக்குண்டை இறக்கித் தரையில் சாக்பீஸால் குறியுங்கள். குறுக்கு மூலை தூரங்களை அளந்து பாருங்கள். இரண்டும் சில மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போனால் சட்டம் நேராக இருக்கிறது. அதிகம் வேறுபட்டால் சட்டம் எப்போதோ அடி வாங்கியிருக்கிறது, எஞ்சின் வேலைக்கு முன் அதைத்தான் சரிசெய்ய வேண்டும்.

பிறகு கோணங்கள். டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் விசையை முன், பின் ஆக்சில்களுக்கு அனுப்பும் பெட்டி) ஃபிளாஞ்ச் எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறது, ஆக்சில் பினியன் ஃபிளாஞ்ச் எத்தனை டிகிரி என்று கோணமானியால் எடுங்கள். எஞ்சின் முன்முனையிலிருந்து ரேடியேட்டர் வரை, ஆயில் பேனிலிருந்து முன் ஆக்சில் வரை, விசிறி நடுவிலிருந்து தரை வரை எல்லாம் குறிப்பேட்டில் ஏறட்டும். புது எஞ்சினை இறக்கிய பிறகு இந்த எண்களோடுதான் ஒப்பிடப் போகிறீர்கள்.

பிரிப்பது

பேட்டரியை முதலில் கழற்றுங்கள். பெட்ரோலை வடித்து டேங்கை வெளியே எடுத்துத் தள்ளி வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகக் கூடாது, ஸ்டாண்டு வையுங்கள். பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அகற்றுங்கள்.

ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் மூன்று பக்கமிருந்து படம் எடுங்கள். போல்ட்டுகளை அந்தந்த பாகத்தின் பெயர் எழுதிய பையில் போடுங்கள். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் விட்வொர்த், பிஎஸ்எஃப், யுஎன்எஃப் மரைகள் கலந்து கிடக்கும். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். தவறான போல்ட்டை அலுமினிய ஹவுசிங்கில் முறுக்கினால் மரை போய்விடும். மரை அளவு காட்டும் சிறு தகட்டுச் சீப்பு ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் அதைப் போல உதவும் கருவி குறைவு.

சேஸிஸ்

லேண்ட் ரோவர் உடல் அலுமினியக் கலவையில் ஆனது. அது துருப்பிடிக்காது என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். சேஸிஸும் முன் பல்க்ஹெட்டும் (எஞ்சினுக்கும் ஓட்டுபவருக்கும் நடுவில் உள்ள சுவர்) இரும்பு. அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டு ஈரம் பட்டால், அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். அதனால் மீண்டும் சேர்க்கும்போது இரண்டுக்கும் நடுவில் ரப்பரோ, பூச்சோ ஏதாவது தடுப்பு வேண்டும்.

சேஸிஸ் பெட்டி வடிவமாக, உள்ளே வெற்றிடமாக இருக்கும். துரு உள்ளிருந்து வெளியே வரும். சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு மணி போல ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும். பின் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், பக்கவாட்டில் நீளும் தாங்கிகள், டேங்குக்கு மேலே உள்ள பகுதி ஆகியவற்றை விடாமல் பாருங்கள். பல்க்ஹெட்டில் கால் வைக்கும் குழியும் கதவுக் கீல் தூணும் முதலில் போகும்.

அரித்த இடத்தின் மேல் தகடு ஒட்டி மூடாதீர்கள். நல்ல இரும்பு வரை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வையுங்கள். நான்கு ஐந்து இடங்களுக்கு மேல் போகிறது என்றால் கால்வனைஸ் செய்த புதுச் சேஸிஸ் வாங்குவதே புத்திசாலித்தனம். கால்வனைஸ் இரும்பை வெல்டிங் செய்யும் முன் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுங்கள், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன்: குளோரின் உள்ள பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் செய்யவே கூடாது. சூட்டில் அது ஃபாஸ்ஜீன் என்ற கொல்லும் வாயுவாக மாறும்.

ஒத்திகை

நான் அதிக நேரம் செலவழிப்பது இங்கேதான். பெயிண்ட் அடிக்காத வெற்றுச் சேஸிஸில் ஆக்சில், ஸ்பிரிங், சக்கரங்களை மாட்டுங்கள். வண்டியின் எடைக்கு ஏற்ப மணல் மூட்டைகளை ஏற்றி, ஸ்பிரிங்குகளை உண்மையான உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். எடை இல்லாமல் அளந்தால் கோணங்கள் எல்லாம் தப்பாகிவிடும்.

கியர்பாக்ஸை அதன் இடத்தில் மாட்டிவிட்டு எஞ்சினைச் செயின் பிளாக்கில் தொங்கவிட்டு இறக்குங்கள். ரசமட்டம் வைத்துப் பாருங்கள். இப்போது வரிசையாகக் கேளுங்கள். ஸ்பிரிங் முழுக்க அமுங்கினால் முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் ஆயில் பேனில் இடிக்குமா? ஸ்டியரிங் முழுக்கத் திருப்பினால் எது எதைத் தொடுகிறது? ஆயில் ஃபில்டரைக் கழற்ற வழி இருக்கிறதா? ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கு ஸ்பேனர் போகிறதா? எஞ்சின் ரப்பர் மவுண்டிங்கில் ஆடும் என்பதால் எல்லாப் பக்கமும் விரலளவு இடமாவது விடுங்கள், சுமார் 20 முதல் 25 மில்லிமீட்டர். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் அதைவிடக் கூடுதலாக வேண்டும்.

மவுண்டிங்குகளை முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள், பிறகு தகட்டில். டேக் (தற்காலிகமாகப் பிடிக்கும் சிறு வெல்டிங் பொட்டு) மட்டும் வையுங்கள். அப்புறம் பல்க்ஹெட், மட்கார்டு, ரேடியேட்டர் முகப்பு, பானெட் எல்லாவற்றையும் தற்காலிகமாக வைத்துப் பாருங்கள். பானெட் மூடுகிறதா என்று பார்க்காமல் முழு வெல்டிங் போட்டுவிட்டு மறுபடியும் அறுத்த அனுபவம் எனக்கு உண்டு. பானெட்டின் அடிப்பக்கம் களிமண் உருண்டைகளை ஒட்டி மூடித் திறந்தால், எங்கே எவ்வளவு இடைவெளி என்று நசுங்கிய களிமண் சொல்லிவிடும்.

கியர்பாக்ஸ் இடம் மாறினால் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கோணங்களைப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சும் பினியன் ஃபிளாஞ்சும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்கட்டும். யுனிவர்சல் ஜாயிண்ட் ஒரு கோணத்தில் சுழலும்போது வேகம் கூடிக் குறையும். மறுமுனை ஜாயிண்ட் அதே கோணத்தில் எதிராக வேலை செய்தால்தான் அது சமனாகும். இல்லையென்றால் நடுத்தர வேகத்தில் ஓர் அதிர்வு வந்து, என்ன செய்தும் போகாது. நீளம் மாறியிருந்தால் ஷாஃப்டை வெட்டிச் சேர்த்து பேலன்ஸ் செய்து தரும் பட்டறையில் கொடுங்கள், வீட்டில் வேண்டாம்.

அடாப்டர் தட்டு வந்தால்

நம் எடுத்துக்காட்டில் இது தேவைப்படாது. வேறு நிறுவனத்து எஞ்சின் என்றால் தேவைப்படும். எஞ்சினின் மையமும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். டயல் கேஜை ஃபிளைவீலில் பொருத்தி, முள்ளை பெல் ஹவுசிங் துளையின் உட்புற விளிம்பில் வைத்து எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் காட்டும் மொத்த ஆட்டம் 0.13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கூடினால் விலகல் உள்ள டோவல் முளைகளைப் போட்டுச் சரிசெய்யலாம். இதைப் பார்க்காமல் மாட்டினால் கிளட்ச் விடுபடாது, இன்புட் பேரிங் சீக்கிரம் கத்தும், கியர் தானாக வெளியே வரும்.

இன்புட் ஷாஃப்ட் முனை கிராங்க் ஷாஃப்டில் உள்ள பைலட் பேரிங்குக்குள் போதிய ஆழம் போகிறதா, ஆனால் முட்டாமல் இருக்கிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள். கியர்பாக்ஸ் கடைசி சில மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றால் போல்ட்டை முறுக்கி இழுக்காதீர்கள். ஏதோ முட்டுகிறது என்றே அர்த்தம்.

ஆக்சில்: கணக்கு போட்டுப் பார்க்கலாம்

சீரீஸ் III-இல் முதல் கியர் 3.68, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ 2.35, ஆக்சில் 4.7. மூன்றையும் பெருக்கினால் சுமார் 40.6. பழைய பெட்ரோல் எஞ்சினின் 165 நியூட்டன் மீட்டர் ஆக்சில்களுக்கு வரும்போது சுமார் 6,700 ஆகும். 200டிடிஐயின் 265 வரும்போது 10,700-ஐத் தாண்டும். அந்தக் கூடுதல் விசையை வாங்கிக்கொள்ள வேண்டியது அதே பழைய ஹாஃப் ஷாஃப்டுகள் (ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகள்). சீரீஸ் வண்டிகளின் பின் ஹாஃப் ஷாஃப்ட் பழைய எஞ்சினோடே உடையும் என்று பெயர் வாங்கியது. அதனால் கெட்டியான ஷாஃப்டுகளை வாங்கிப் போடுவதோ, 109 அங்குல வண்டியில் வந்த சாலிஸ்பரி பின் ஆக்சிலுக்குப் போவதோ எஞ்சின் செலவோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியது.

சாலை வேகத்துக்கும் இதே போல ஒரு கணக்கு. டாப் கியரில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஹை 1.148, ஆக்சில் 4.7, பெருக்கினால் 5.4. 7.50-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.5 மீட்டர் உருளும். எஞ்சின் 2500 சுற்றில் வண்டி சுமார் 69 கிலோமீட்டர் வேகத்தில் போகும். டீசல் எஞ்சின் அதற்கு மேல் கத்திக்கொண்டே இருக்கும். ஆக்சிலை 3.54 விகிதத்துக்கு மாற்றினால் அதே 2500 சுற்றில் 92 கிலோமீட்டர் கிடைக்கும். இதற்கு விலையாக, லோ கியரில் பாறை மேல் ஊர்ந்து போகும் நிதானம் குறையும். மலைப்பாதைக்காகக் கட்டும் வண்டி என்றால் 4.7-ஐ அப்படியே வைத்து ஓவர்டிரைவ் (சாலையில் எஞ்சின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) சேர்ப்பதைத்தான் நான் விரும்புவேன். எந்த வழியில் போனாலும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். வேறுபட்டால் ஃபோர் வீல் டிரைவ் போட்டதும் கியர்கள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உடையும்.

குளிர்விப்பு

எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் வழியாக வெளியே போக வேண்டும். நெடுஞ்சாலையில் எதிர்காற்று உதவும். மணலில் லோ கியரில் நடைவேகத்தில் போகும்போது முழுச் சுமையும் விசிறி மேல் விழும். அதனால் ரேடியேட்டர் அளவைவிட விசிறியைச் சுற்றிய கூண்டைத்தான் பலர் அலட்சியப்படுத்தி மாட்டிக்கொள்கிறார்கள். கூண்டு இல்லாத விசிறி, வந்த சூடான காற்றையே திருப்பி இழுத்துச் சுழற்றும். இறக்கையின் ஆழத்தில் பாதி கூண்டுக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கட்டும்.

இன்டர்கூலரை ரேடியேட்டருக்குப் பக்கத்தில் வைத்தால் நல்லது. முன்னால் வைத்தால் அதன் சூட்டையும் ரேடியேட்டர் வாங்கும். ஹீட்டர் குழாய்கள், தெர்மோஸ்டாட் பைபாஸ், தண்ணீரில் சேரும் காற்று வெளியேறும் வழி மூன்றையும் எஞ்சின் வந்த வண்டியில் இருந்தபடியே அமையுங்கள். எஞ்சினின் உச்சி ரேடியேட்டர் மூடியைவிட உயரமாக இருந்தால் காற்று அங்கே தங்கும், ஹெட் வெந்துவிடும். உயரத்தில் ஒரு தனித் தண்ணீர் டப்பா வைத்தால் தீரும்.

எரிபொருள், காற்று, புகை

பெட்ரோல் வண்டியை டீசலாக்கும்போது டேங்கையும் குழாய்களையும் நன்றாகக் கழுவ வேண்டும். டீசல் பம்புக்கு வேண்டாத எரிபொருள் திரும்பிப் போக டேங்குக்கு இன்னொரு குழாய் தேவை. வழியில் தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டர் ஒன்று கட்டாயம். மாறாக எலெக்ட்ரானிக் பெட்ரோல் எஞ்சின் என்றால், பழைய கார்புரேட்டர் பம்ப் தரும் 0.3 பார் அழுத்தம் எதற்கும் காணாது. ஷெவர்லே எல்எஸ் எஞ்சின் சுமார் 4 பார் கேட்கும். அந்த அழுத்தத்துக்கு ஏற்ற ஹோஸும் கிளிப்பும் போடாவிட்டால் தீ விபத்துதான்.

காற்று ஃபில்டருக்கு வரும் குழாய் உயரத்திலிருந்து வரட்டும். ஃபில்டருக்குப் பிந்தைய ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை பாருங்கள். அங்கே ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், தூசி உள்ளே போய் டர்போவையும் ரிங்குகளையும் தின்றுவிடும். எக்ஸாஸ்ட் குழாய் பிரேக் குழாயையோ, கிளட்ச் சிலிண்டரையோ, எரிபொருள் குழாயையோ நெருங்கினால் நடுவில் வெப்பத் தகடு வையுங்கள்.

மின்சாரம்

1960-களின் நடு வரை பல பிரிட்டிஷ் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேஸிஸோடு சேர்ந்திருப்பது) இருந்தது. பழைய வில்லிஸ்களில் 6 வோல்ட். ஆல்டர்னேட்டர் வைக்குமுன் இரண்டையும் சரிபார்த்து 12 வோல்ட் நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றுங்கள். பழைய ஒயரிங்கைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகவே போடச் சொல்வேன். 50 வயது துணி உறையை நம்பி வண்டியை எரியவிட வேண்டாம். க்ளோ பிளக்குக்கும் விளக்குகளுக்கும் தனித்தனி ரிலே, தனித்தனி ஃபியூஸ்.

எஞ்சின் ரப்பரில் உட்கார்ந்திருப்பதால் அதற்குத் தானாக எர்த் கிடைக்காது. எஞ்சினிலிருந்து சேஸிஸுக்கும், பேட்டரியிலிருந்து சேஸிஸுக்கும் கனமான எர்த் கேபிள்கள் வேண்டும், பெயிண்ட்டைச் சுரண்டிய இரும்பின் மேல். எர்த் சரியில்லாவிட்டால் ஸ்டார்ட்டர் கரண்ட் கிளட்ச் கேபிள் வழியாகவோ ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகவோ பாய்ந்து அதைச் சிவக்க வைக்கும்.

பிரேக்

சக்தி கூடிய வண்டி முதலில் நிற்கத் தெரிந்திருக்க வேண்டும். நான்கு சக்கரத்திலும் டிரம், ஒரே சர்க்யூட் என்றிருந்தால், எங்காவது ஒரு குழாய் வெடித்தால் பிரேக்கே இல்லை. இரட்டை சர்க்யூட் மாஸ்டர் சிலிண்டருக்கு மாற்றுங்கள். சர்வோ (மிதிக்கும் விசையை வேக்யூமால் பெருக்கும் பாகம்) வையுங்கள். டீசல் எஞ்சினின் மேனிஃபோல்டில் வேக்யூம் வராது, 200டிடிஐயோடு வரும் வேக்யூம் பம்ப்தான் சர்வோவை இயக்கும், அதைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள். முன்னால் டிஸ்க் பிரேக் வைக்க முடிந்தால் செய்யுங்கள். சேற்றிலும் தண்ணீரிலும் நனைந்த டிரம் உலரும்வரை பிடிக்காது. பெடலை மிதித்தபடி ஸ்டியரிங் மூட்டுகளையும் ஸ்விவல் ஹவுசிங்கையும் (முன் சக்கரம் திரும்பும் உருண்டை மூட்டு) யாரையாவது ஆட்டச் சொல்லிப் பாருங்கள், தேய்ந்தவை அப்போது காட்டிக்கொடுக்கும்.

கட்டுவது

ஒத்திகை முழுக்க முடிந்து எல்லாம் பொருந்துகிறது என்ற பிறகு எல்லாவற்றையும் கழற்றிச் சேஸிஸுக்கு முழு வெல்டிங், பெயிண்ட், உள்ளே மெழுகுப் பூச்சு. அதற்குப் பிறகே இறுதியாகக் கட்டுவது. வெளியில் இருக்கும்போதே எஞ்சினுக்கு டைமிங் பெல்ட், டென்ஷனர், பின் ஆயில் சீல், தண்ணீர் பம்ப், கிளட்ச் தட்டு, ரிலீஸ் பேரிங் புதிதாகப் போடுங்கள். 200டிடிஐயில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். முறுக்கு அளவு குறிப்பிட்ட போல்ட்டுகளுக்கு டார்க் ரெஞ்ச். முறுக்கி முடித்த ஒவ்வொன்றிலும் பெயிண்ட் கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். பிறகு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டும்.

முதல் ஸ்டார்ட்

தீயணைப்பானைக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். டர்போவின் ஆயில் குழாயைக் கழற்றி அதில் கொஞ்சம் ஆயில் ஊற்றுங்கள். சொலினாய்டு ஒயரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் அழுத்தம் கேஜில் ஏறும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். தொடர்ந்து சுற்றினால் ஸ்டார்ட்டர் வெந்துவிடும். டீசல் குழாய்களில் உள்ள காற்றை எடுத்துவிட்டு ஒயரை மாட்டிக் கிளப்புங்கள்.

டீசல் எஞ்சின் அடங்காமல் சுற்று ஏறிக்கொண்டே போனால் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாமல் போகலாம். காற்று நுழையும் வாயை மூட ஒரு கெட்டிப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். கையால் மூடக் கூடாது. புதிதாகக் கேம் ஷாஃப்ட் மாற்றிய பழைய தட்டை டாப்பெட் எஞ்சின் என்றால் வேறு விதி: கிளம்பியதுமே 2000 முதல் 2500 சுற்றில் 20 நிமிடம், ஐடிலில் விடவே கூடாது, துத்தநாகம் கூடுதலாக உள்ள ஆயில்.

முதல் ஓட்டத்தில் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை காத்திருங்கள். மேல் ஹோஸ் சூடாவதைக் கையால் தொட்டு உணரலாம். அணைத்து, ஆறவிட்டு, தண்ணீர் அளவைப் பாருங்கள். குறைந்திருக்கும், ஊற்றுங்கள்.

சாலையிலும் மண்ணிலும்

முதலில் ஐந்து கிலோமீட்டர், வீட்டுக்குப் பக்கத்திலேயே. திரும்பி வந்து கீழே படுத்துப் பாருங்கள். பிறகு 20, பிறகு 100. ஒவ்வொன்றுக்கும் பிறகு புரொப்பெல்லர் ஷாஃப்ட் போல்ட், ஸ்பிரிங் யு போல்ட், எஞ்சின் மவுண்டிங், சக்கர நட்டு ஆகியவற்றில் ஸ்பேனர் வையுங்கள். புதிதாகக் கட்டிய யு போல்ட் முதல் 100 கிலோமீட்டரில் கண்டிப்பாகத் தளரும். நீண்ட ஏற்றம் ஒன்றில் லோ கியரில் பத்து நிமிடம் ஏற்றிப் பார்த்தால் ரேடியேட்டர் போதுமா என்று தெரிந்துவிடும். 500 கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலையும் கியர்பாக்ஸ், ஆக்சில் ஆயில்களையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலைக் காந்தத்தில் ஓட்டிப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் சரி, செதில்கள் இருந்தால் திறந்து பார்க்க வேண்டும்.

அதன் பிறகே மண்ணில் இறக்குங்கள். முதல் முறை துணைக்கு இன்னொரு வண்டி இருக்கட்டும். பெரிய பாறைகள் வேண்டாம், சக்கரங்கள் குறுக்காக ஏறி இறங்கும் ஒரு பள்ளம் போதும். வீடு வந்ததும் வண்டியைக் கழுவிவிடாதீர்கள். அப்படியே கீழே போய் டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லா இடமும் தூசி படிந்து மங்கலாக இருக்கும்போது, எங்காவது ஓர் இடம் மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தால், அங்கேதான் ஏதோ ஒன்று உரசுகிறது. அதைச் சாக்பீஸால் வட்டமிட்டுவிட்டு, அப்புறம் தண்ணீரைத் திறந்துவிடுங்கள்.